உள்ளே நிறுத்திய மூச்சு

எல்லாரையும் படுக்க வைத்தாயிற்று. இனி பத்து நிமிடம் நான் வாய் திறக்கக் கூடாது. கதவுக்கு மேல் கடிகாரத்தில் காலை ஆறு நாற்பது. ஆறு ஐம்பதுக்கு மணியை அடித்து எழுப்ப வேண்டும், அதுவரை சவாசனம், பதினோரு பாய்களில் பதினோரு பேர், கால்கள் அகன்று, உள்ளங்கைகள் மேலே பார்த்து, கண்கள் மூடி. முதல் முறையாகத் தனியாக ஒரு வகுப்பை எடுத்து முடிக்கப் போகிறேன் என்று இப்போது எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். நெல்லையப்பன் மாஸ்டர் குற்றாலத்தில் மூன்று நாள் முகாமுக்குப் போயிருக்கிறார். நேற்று சாயங்காலம் சாவியைக் கையில் கொடுத்து, நீ பாத்துக்கிடுவ இசக்கி, பயப்படாத என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே தொடங்கும். இருந்தாலும் ஒரு பெயர்கூட மறக்கவில்லை, தாடாசனம், திரிகோணாசனம், புஜங்காசனம், வரிசை மாறவில்லை, பிறகு நாடி சுத்தி, பிறகு கும்பகம். நாலு எண்ணி இழுத்து, பதினாறு எண்ணி உள்ளே நிறுத்தி, எட்டு எண்ணி விடுவது, ஆறு சுற்று. அதுவும் நன்றாகத்தான் போனது. பிறகு படுங்கள் என்றேன், படுத்தார்கள். படுத்தவுடன் இரண்டாவது வரிசையில் வடிவு டீச்சர் வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார், ஒரு கணம்தான், பிறகு அந்தக் கை வைத்த மாதிரி இல்லாமல் விழுந்த மாதிரி பாயில் விழுந்தது. அதைப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது. மாஸ்டர் ஒவ்வொரு நாளும் கும்பகம் என்று பெயரைச் சொன்னதும், எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் சொல்லும் வாக்கியம். பி.பி. உள்ளவங்க, நெஞ்சுக் கோளாறு உள்ளவங்க மூச்சை நிறுத்தாதீங்க, சும்மா இழுத்து விடுங்க, போதும். நான் அதைச் சொன்னேனா?

சொல்லியிருப்பேன். எட்டு மாதமாகத் தினமும் காதில் விழும் வாக்கியம், வாய் தானாகச் சொல்லியிருக்கும். ஆனால் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதெல்லாம், நிமிர்ந்து உட்காருங்க என்றது, அடுத்தது கும்பகம் என்றது, அந்தச் சொல் என் வாயிலிருந்து தடங்கல் இல்லாமல் வந்ததில் எனக்கே ஒரு திருப்தி ஏற்பட்டது, அந்தத் திருப்தியோடு ஒன்று என்று எண்ணத் தொடங்கியது. நடுவில் ஒன்றும் இல்லை. கும்பகம், ஒன்று, இரண்டு, மூன்று. இன்னொரு முறை நினைத்துப் பார்க்கிறேன். நிமிர்ந்து உட்காருங்க, அடுத்தது கும்பகம், ஒன்று. அந்த வாக்கியம் வர வேண்டிய இடத்தில் சுவரில் பல்லி கத்தியது, அதுகூட ஞாபகம் இருக்கிறது. சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. பச்சை அட்டை நோட்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அதில் அந்த வாக்கியம் இருக்காது. நான்தானே எழுதினேன். நேற்று உட்கார்ந்து இன்றைய வகுப்பு முழுவதையும் எழுதினேன், வடமொழிப் பெயர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், எத்தனை எண்ணிக்கை, எத்தனை சுற்று எல்லாம். பூரகம் இழுப்பது, கும்பகம் நிறுத்துவது, ரேசகம் விடுவது. எனக்குத் தெரியாதவற்றை மட்டும் எழுதினேன். பி.பி. வாக்கியம் சாதாரணத் தமிழ், அதை எதற்கு எழுத வேண்டும், அது யாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான் படித்து வந்திருக்கிறேன். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவர்கள் தெரியாததை எழுதிவைத்து, தெரியாததையே விழித்திருந்து படித்து, தெரியாததோடு பரீட்சைக்குப் போவோம். தெரிந்தது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. டிப்ளமோவில் கலைச்சொற்கள் தாளில் முதல் தடவை முப்பத்தொன்று வாங்கித் தவறியவள் நான். இரண்டாம் தடவை அறுபத்தெட்டு. அந்த முப்பத்தொன்றை நான் மறக்கவில்லை, அதற்காகத்தான் இந்த நோட்டு. அதற்காகவும், வடிவு டீச்சருக்காகவும்.

வடிவு டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரவடிவு என்பது முழுப் பெயர். ஆறு வருடமாக இங்கே வருகிறார், என்னைவிட ஐந்து வருடத்துக்கும் மேல் சீனியர். போன மாதம் மாஸ்டர் போன் பேச வெளியே போன நேரத்தில் நான் பிரத்யாகாரம் என்று சொல்லிவிட்டேன், சும்மா, சொல்லத் தெரியும் என்று காட்டத்தான். படுத்துக்கிடந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பேரு நல்லாத்தான் சொல்லுத. அர்த்தத்தச் சொல்லு பாப்போம்" என்றார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். புலன்களை வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வது, ஐந்து மார்க் கேள்வி, நான் எழுதியிருக்கிறேன், அந்த நேரத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. "பரவால்ல, அப்புறமாப் படிச்சிட்டு வந்து சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது இந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும், கைப்பையில் மருந்துப்பெட்டி இல்லாமல் அவர் வந்ததில்லை. இன்று நான்காவது சுற்றில் அவர் முகம் சிவந்திருந்தது. நான் பார்த்தேன். சூரியன் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேனா, அல்லது அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததா. பதினாறையும் நான் மெதுவாக எண்ணினேன், வேகமாக எண்ணினால் பதற்றம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் இடம் விட்டு எண்ணினேன், என் பதினாறு மாஸ்டரின் இருபத்தைந்து இருக்கும். இப்போது அவர் படுத்திருக்கிறார், ஊதா நிறத் துப்பட்டாவைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை போர்வை மாதிரி விரித்துக்கொண்டு. துப்பட்டா அசைகிறது. மூச்சில் அசைகிறதா, மேலே சுற்றுகிற ஃபேனில் அசைகிறதா என்று தெரியவில்லை. ஆறு நாற்பத்திரண்டு.

ஒரு முறை எழுப்பிக் கேட்டுவிட்டால் என்ன. டீச்சர், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே. கேட்கக் கூடாது, சவாசனத்தில் இருக்கிறவர்களைத் தொடக் கூடாது, பேசக் கூடாது, சட்டென்று எழுப்பினால் நெஞ்சு திடுக்கிட்டு ஏதாவது ஆகிவிடும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எழுப்பினால் ஆகிவிடும், எழுப்பாவிட்டாலும் ஆகிவிடலாம். சவம் மாதிரி கிடக்கும் ஆசனம் என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் பீடி சுற்றுகிற கையை நிறுத்தவே இல்லை. "அதுக்கும் ஆளு வருதா? படுத்துக் கெடக்கதுக்கா?" என்றாள். பிராணாயாமம் என்றதும், "மூச்சு விடுததுக்கா உன்னைய காலேஜிக்கு அனுப்புனேன்" என்றாள், அதைச் சொல்லி முடிக்கும் முன்னால் அவளுக்கு இருமல் வந்துவிட்டது, புகையிலைத் தூள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்த இருமல். முக்கூடலில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த இருமல் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் தரையில் கிடப்பாள், எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ, பையைக்கூடக் கழற்றாமல் குனிந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் படக்கென்று விரலைக் கடித்துவிட்டாள். "செத்துட்டனான்னு பாத்தியோ? இன்னும் ஐநூறு பீடி கெடக்குட்டி, எங்க சாவ." அன்றைக்குச் சிரித்தேன். மறுநாளும் விரலை வைத்துப் பார்த்தேன். வடிவு டீச்சரின் மூக்குக்குக் கீழே விரல் வைக்க முடியாது. அவர் மட்டும் கண்ணைத் திறந்தால், என்ன பண்ணுத என்று கேட்டால். கேட்கட்டும், கேட்டால் போதும். கேட்காவிட்டால்? சாட்சியாக இருங்கள் என்று சற்று முன்னால்தான் இவர்களிடம் சொன்னேன், மூச்சு வருவதையும் போவதையும் வெளியே நின்று பார்க்கும் சாட்சி, எவ்வளவு அமைதியாகச் சொன்னேன். என் மூச்சு இப்போது தானாக நிற்கிறது, இதற்கு எந்தச் சுற்றும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. கீழே மாவு மில்லில் யாரோ ஷட்டரைத் தூக்குகிறார்கள். நேற்று மிளகாய் அரைத்த நெடி தரை வழியாக ஏறி வருகிறது. தும்மல் வந்தால் தும்முங்கள் டீச்சர், தயவுசெய்து ஒரு தும்மல். பின்வரிசையில் யாரோ தும்முகிறார்கள். அவர் இல்லை.

ஃபேனை நிறுத்தினால் தெரிந்துவிடும். எவ்வளவு எளிது, ஃபேன் நின்றால் துப்பட்டாவை அசைக்க மூச்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. எழுந்தேன். பாய்களுக்கு நடுவில் விரல் நுனியில் நடந்து சுவிட்ச் பலகைக்குப் போனேன். நடந்துகொண்டே நினைத்தேன், நின்ற பிறகும் அசையாவிட்டால் என்ன செய்வாய். அதற்கு மேல் நினைப்பு போகவில்லை, தேய்ந்த இடத்தில் சைக்கிள் சங்கிலி கழன்று விழுவதுபோல் அங்கே வந்து வந்து விழுந்தது. சுவிட்சைத் தட்டினேன். இறக்கைகள் உடனே நிற்கவில்லை, சுற்றின, தளர்ந்து சுற்றின, ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு மெதுவாகி, நின்றன. "ஃபேனப் போடும்மா, கொசு பிச்சு எடுக்கு" என்று முதல் வரிசையில் பாத்திரக்கடைக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஒரு நிமிசம் சார்" என்றேன். துப்பட்டா அசையவில்லை. பிறகு அசைந்தது. நெஞ்சுக்கு நேராக ஊதாத் துணி மேலே வந்தது, இறங்கியது, மறுபடி மேலே வந்தது. சீராக, அவசரமே இல்லாமல், தூங்குகிறவரின் மூச்சு. தூங்கிவிட்டார். சங்கரவடிவு டீச்சர் என் வகுப்பில் தூங்கிவிட்டார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஃபேனைப் போட்டேன். ஆறு நாற்பத்தைந்து.

அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடத்தில் மணி அடிப்பேன், எழுந்து பாயைச் சுருட்டுவார்கள், நாளைக்கு நோட்டில் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்வேன், ஒருவருக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் இது ஏன் நிம்மதியாக இல்லை என்று தெரிந்தது. பதினோரு பேர். நான் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேள்வி கேட்டவர் என்பதால், எனக்குப் பயம் அவரிடம்தான் என்பதால், வந்திருந்தால் ஆபத்தும் அவருக்குத்தான் வந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். மற்றவர்களில் யாருக்கு என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாது. சேரும்போது எழுதிக் கொடுத்த படிவங்கள் மாஸ்டர் வீட்டு பீரோவில் இருக்கின்றன. பாத்திரக்கடைக்காரருக்குச் சர்க்கரை, அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அக்கா தங்கை இருவர், என்னைவிடச் சின்னவர்கள். மாடிப்படிக் கதவோரம் ஜெபமணி சார், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கு மூன்றாவது நாள்தான் வருகிறார். சொன்னதைச் சொன்னபடி செய்வார். மற்றவர்கள் பத்திலும் பன்னிரண்டிலும் மூச்சை விட்டுவிட்டார்கள், அவர் ஒருவர்தான் ஆறு சுற்றும் பதினாறு வரை பிடித்தார், கன்னம் இறுகி, என் வாயையே பார்த்துக்கொண்டு, எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது. யோகத்தின் ஒழுக்க விதிகளான யமத்தில் முதலில் அகிம்சை, இரண்டாவது சத்தியம். சத்தியம் என்றால் பொய் சொல்லாமல் இருப்பது என்று எழுதினால் முழு மார்க் உண்டு. நான் பொய் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது சொன்னால் என்ன ஆகும். மூச்சை நிறுத்தி முடித்த பிறகு நிறுத்தாதீர்கள் என்று சொல்கிறாளே என்று சிரிப்பார்கள். வடிவு டீச்சர் எழுந்து உட்கார்ந்து மாஸ்டருக்குப் போன் போடுவார். எட்டு மாதம் பாய் விரித்து, ஹாலைப் பெருக்கி, கடைசி வரிசையில் நின்று கிடைத்த ஒரு காலை, இனி கிடைக்காது. அம்மாவிடம் என்ன சொல்வேன். ஒன்றும் ஆகாதபோது எதற்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும். படுத்திருக்கிறவர்களைப் பார்த்து எப்படித் தெரியும், எல்லாரையும் ஒரே மாதிரி கிடக்கச் சொன்னதே நான்தானே. அசையாதீர்கள், என்ன நடந்தாலும் அசையாமல் கவனியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், யாருக்காவது உடம்புக்கு ஏதாவது செய்தாலும் அதையும் அசையாமல் கவனித்துக்கொண்டு கிடப்பார்கள். ஆறு நாற்பத்தாறு.

"எல்லாரும் மன்னிச்சுக்கிடணும்" என்றேன். குரல் ஹாலில் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். "கும்பகத்துக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், நான் சொல்லல. மறந்துட்டேன். பி.பி. உள்ளவங்க, நெஞ்சுக் கோளாறு உள்ளவங்க மூச்சை நிறுத்தக் கூடாது. யாராவது நிறுத்தியிருந்தா, தலை சுத்து, படபடப்பு எதுவும் இருந்தா இப்பமே சொல்லிருங்க." வடிவு டீச்சர் தூக்கம் கலைந்து பக்கத்துப் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா எழுப்புன? நான் எங்கட்டி நிறுத்துனேன்? ஆறு வருசமா அந்த நேரத்துல சும்மா மூக்கப் புடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்." பாத்திரக்கடைக்காரர் சிரித்தார். "நான் அதையும் புடிக்கதில்ல" என்றார். அக்கா தங்கை இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு என்மேல் வந்து விழுந்ததில் எனக்கு வலிக்கவில்லை, முகம் மட்டும் எரிந்தது, சரி, இதோடு போயிற்று, சொல்லியாயிற்று என்று மணியை எடுக்கக் கையை நீட்டினேன். கதவோரத்திலிருந்து, "எம்மா" என்று கேட்டது.

ஜெபமணி சார் எழுந்திருக்கவில்லை. கை கால் நான் சொன்ன மாதிரியே இருந்தன, முகம் மட்டும் வியர்த்து, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எந்திரிக்க முடியலம்மா. படுத்ததுல இருந்து சுத்துது. அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். அசையக் கூடாதுன்னு சொன்னீங்கல்லா." பி.பி. உண்டா சார் என்றேன். "உண்டு. ஃபார்ம்ல இல்லன்னு எழுதிட்டேன். சேக்க மாட்டாங்கன்னு மக சொன்னா. வெறும் வயித்துல வரச் சொன்னதுனால மூணு நாளா மாத்திரையும் போடல." இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார், மன்னிப்புக் கேட்கிற குரலில். வடிவு டீச்சர் எழுந்து வந்து தன் கைப்பையைத் திறந்து மருந்துப்பெட்டியை எடுத்தார், எந்த மாத்திரை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, "வேண்டாம், நம்மளா ஒண்ணும் குடுக்கப்பிடாது" என்று அவரே மூடினார். பாத்திரக்கடைக்காரர் ஒரு பக்கமாக ஜெபமணி சார் தலையைத் தூக்கிப் பிடித்தார். நான் நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள், எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது. பாளையங்கோட்டை, மாவு மில் மாடி என்றேன். வயது என்ன. அவர் விரலால் காட்டினார், அறுபத்து மூன்று. நீங்க அவருக்கு என்ன வேணும் என்றாள். "நான் இங்க சொல்லிக் குடுக்குறவ" என்றேன். என்ன நடந்தது என்றாள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கும்பகம் என்று வாய் வரைக்கும் வந்தது. "பிரஷர் உள்ளவரு. மூச்ச நிறுத்த வச்சிட்டேன். நான்தான் எண்ணுனேன். நிறுத்தக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன்." அவள் அதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது, போனை வைக்காதீர்கள், அவருக்கு மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றாள். நான் அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. "வருது" என்றேன். "போவுது." ஜெபமணி சார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொன்னாலும் அப்படியே செய்வதற்கு. "வருது" என்றேன்.